தனிமைக்கு இரண்டு சொல், இருவருக்கு ஒரு சொல்

1

2006 மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி. நான் உதவியாளனாக வேலை செய்த ஒஸ்லோ முதியோர் இல்லத்தின் மண்டபத்தில் ஹில்டெகார்ட் தன் கோப்பிக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தார். எண்பத்து நான்கு வயது. ஜெர்மனியிலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு நோர்வேஜிய மொழி போய், பிறந்த மொழி மட்டும் மிஞ்சியிருந்தது.

மூன்று மணிக் கோப்பிக்கு எல்லோரையும் மண்டபத்துக்குக் கொண்டுவருவது எங்கள் பிரிவின் நடைமுறை. ஹில்டெகார்டுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அதை நீக்க வைத்தவன் நான். மூன்று வாரம் முன்பு ரப்போர்ட்டில், அதாவது வேலை மாறும்போது எழுதிவைக்கும் குறிப்பில், "தனிமையில் வாடுகிறார், எல்லோருடனும் இருத்தவும்" என்று எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. யன்னலோரம் சும்மா இருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். எங்கள் ஊர் வீடுகளில் ஒருவர் அறைக்குள் தனியே இருந்தால் ஒன்றில் கோபம், இல்லாவிட்டால் காய்ச்சல். போய்க் கூப்பிடாமல் விடமாட்டோம்.

பிரிவுப் பொறுப்பாளர் பெரித் சொன்னதை எங்கள் தமிழிலேயே தருகிறேன்: "இனி ஏலாது. டொக்டர் அடுத்த வாரம் புதன் வருவார். அமைதிக்குக் குளிசை எழுதச் சொல்லுறன். அதுவரைக்கும் அறையிலை இருக்கட்டும்."

அந்தக் குளிசை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். தலை தொங்கி நாடி நெஞ்சில் முட்ட, நாள் முழுக்கத் தூங்குவார்கள்.

2

நோர்வேக்கு வருமுன் நான்கு வருடம் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தவன் நான். ஜெர்மன் புத்தகங்களும் வாசிப்பேன். இருந்தும் ஹில்டெகார்டோடு "காலை வணக்கம்" தாண்டிக் கதைத்ததில்லை. வெட்கம்தான். மறுநாள் கோப்பியோடு அறைக்குப் போய் ஜெர்மனில் கேட்டேன்.

"தனிய இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமில்லையோ?"

"ஆர் சொன்னது? தனிய இருக்கிறது அலைன்ஸைன். அது என்ரை சொத்து. ஐன்ஸாம்கைட் வேறை, அது ஆளில்லாத வெறுமை. அதை உங்கடை மேசையிலைதான் எனக்குத் தாறியள், பன்னிரண்டு பேருக்கு நடுவிலை."

"அப்ப ஒருத்தரும் வேண்டாமோ?"

"ட்ஸ்வைஸாம்கைட் வேணும். ரெண்டு பேர், ஒரு யன்னல். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிஞ்ச ஆள். உன்னாலை ஏலுமோ? எனக்குச் சந்தேகம்."

இருவர் சேர்ந்திருப்பதற்கென்றே ஒரு சொல்! புத்தகத்தில் கண்டிருக்கிறேன், ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான். என் இடைவேளைப் பதினைந்து நிமிடமும் அங்கேயே போனது. நான் வாய் திறக்கவில்லை. அவர் கோப்பியை முழுவதும் குடித்தார்.

3

அன்றைய ரப்போர்ட்டில் எழுதினேன்: "முன்பு நான் எழுதியது பிழை. கேட்காமல் எழுதினேன்." பிறகு தினமும் நேரம் போட்டு எழுதினேன்: எங்கே இருந்தார், எவ்வளவு குடித்தார், சத்தம் போட்டாரா.

எங்கள் பிரிவில் வேலை செய்த மன்னார் ஜெசிந்தா அக்கா விடவில்லை. "என்ன தம்பி, ஜெர்மன்காரிக்கு வழக்காடுற அப்புக்காத்தோ நீர்? வேலை போகப்போகுது, பாரும்."

"போனாப் போகட்டும் அக்கா. எழுதின கை என்ரை."

"அந்தக் கையாலை முதல் இந்தக் கட்டிலைப் பிடியும்."

இரண்டு நாள் எனக்கு லீவு. அந்த இரண்டு நாளும் அக்காவே யன்னலோரம் இருந்திருக்கிறார், செபமாலையோடு, வாய் திறக்காமல். ரப்போர்ட்டும் அவரே எழுதியிருந்தார்.

புதன் மூன்று மணி. டொக்டர் மண்டபத்தில் இருந்தார். பெரித் சக்கர நாற்காலியை என் முன் நிறுத்தினார்.

"ஹில்டெகார்டைக் கொண்டு வா. மேசையிலை என்ன செய்யிறா எண்டு டொக்டர் பாக்கட்டும்."

"மாட்டன்."

"என்ன?"

"அவ வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. நான் தள்ளமாட்டன்."

"நீ உதவியாளன். அவவுக்கு எது நல்லதெண்டு நீ முடிவெடுக்கேலாது."

"ஓம். நானுமில்லை, நீங்களுமில்லை. அவதான் எடுக்கவேணும்."

நான் ரப்போர்ட் புத்தகத்தை எடுத்து டொக்டர் முன் வைத்தேன். ஏழு நாள், அறையில் ஏழு கோப்பி, ஒரு சத்தமும் இல்லை. டொக்டர் எழுந்து நின்றபடியே வாசித்தார். பிறகு ஹில்டெகார்டின் அறைக்கு அவரே நடந்து போனார். குளிசை எழுதவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. "வாசித்தேன், உடன்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஹில்டெகார்டின் விலக்கு திரும்பியது, மற்றவர்களுக்கு மண்டப நடைமுறை மாறவில்லை. எனக்கு மேலதிக நேரமும் தரவில்லை. என் இடைவேளைகள் பதினொரு மாதம், ஹில்டெகார்ட் இறக்கும்வரை, அந்த யன்னலோரத்தில் கழிந்தன.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு: கண்டதை நேரம் போட்டு எழுதுங்கள். ஒருவரின் மனதில் இருப்பதை எழுதுமுன் அவரிடமே கேளுங்கள். கேட்டபின், அவர் விருப்பத்துக்கு எதிராகத் தள்ளச் சொன்னால், யார் சொன்னாலும் சரி, நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.