காரின் உள்விளக்கு

எண்பதுகளின் நடுப்பகுதியில் கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஒரு கட்டளை வந்தது. பொழுது பட்ட பிறகு ஆமியின் சென்றியை, ராணுவக் காவலரணை, நெருங்கும் வாகனம் எதுவானாலும், தூரத்திலேயே முன்விளக்கை அணைத்துவிட்டு உள்விளக்கைப் போட வேண்டும். உள்ளே இருக்கிறவர்களின் முகமும் கைகளும் காவலில் நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். போடாமல் வந்த வண்டிக்கு என்ன நடக்கும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஊரில் ஆளுக்கொரு விதமாகக் கதைத்துக்கொண்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

எங்களிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. என் கணவர் நெல் வியாபாரி. வரிப்பத்தான்சேனைப் பக்கம் போய் வயல்காரரிடம் நெல் பார்த்துவிட்டு வருவார். மாதிரிக்கு எடுத்த நெல் பையோடு காரை மூட்டைகள் அடுக்கிய கொட்டிலுக்குள்ளேயே நிறுத்துவார். அந்தக் காரின் உள்விளக்கு, வாங்கிய நாளில் இருந்து எரிந்ததில்லை. அது ஒரு குறை என்று எங்களுக்குத் தோன்றியதுமில்லை.

கட்டளை வந்த பிறகு அவர் ஒரு டோர்ச்சை மடியில் வைத்துக்கொண்டு, சென்றி வந்ததும் ஒரு கையால் தன் முகத்துக்கு அடித்தபடி ஓட்டினார். இரண்டு மூன்று தடவை சரிவந்தது. ஒருநாள் அந்தி மஃரிபு தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து வந்தார். வந்தவர் சட்டையைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

"டோர்ச்ச தூக்கினன் புள்ள. கையில வேற என்னவோ இரிக்கெண்டு நினைச்சிட்டானுகள். நாலு பேர் சுத்தி நிண்டு துவக்க நீட்டிட்டானுகள்."

"மறுகா?"

"மறுகா என்ன, ரோட்டில முழங்காலில இருத்தினானுகள். டோர்ச்ச கழட்டிப் பாத்துட்டு விட்டுட்டானுகள். இனி அசருக்குப் பொறவு நான் கார எடுக்கமாட்டன்."

எடுக்காமல் இருக்கவும் முடியாது. அறுவடைக் காலத்தில் நெல் வியாபாரி அசருக்கு, பின்னேரத் தொழுகைக்கு, முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டால் வியாபாரம் இல்லை. அதோடு பக்கத்து வளவில் என் தங்கை இருந்தாள். முதல் பிள்ளை, வயிற்றில் ஏழு மாதம். அவளுடைய கணவர் சவூதியில் வேலைக்குப் போயிருந்தார். எந்த நேரத்தில் என்ன வந்தாலும் எங்கள் கார்தான்.

ஊரில் கார் வயர் வேலை தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் இருந்தார். அவரும் அந்த வருடம் சவூதிக்குப் போய்விட்டார். கல்முனையில் ஆள் இருந்தார். ஆனால் விட்டுவிட்டு வா, ஒரு கிழமை செல்லும் என்றாராம். நான் அப்போது பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உலர்கலம், மின்குமிழ், ஆளி, உருகி என்கிற ஃபியூஸ் எல்லாம் மேசையில் வைத்து ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு எரித்துக் காட்டுகிறவள். காரிலும் அதே மின்சுற்றுத்தானே என்று எனக்குப் பட்டது. அவரிடம் சொன்னால் விடமாட்டார் என்பதும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டிலுக்குள் போனேன். கூரைத் துணியின் ஓரத்தை மெல்லக் கழற்றினேன். பழைய வயரை எலி தின்றிருந்தது. அங்கங்கே செம்புக் கம்பி மட்டும் பல் பட்டுத் தொங்கியது. அதை முழுக்க இழுத்து எறிந்துவிட்டுப் புது வயர் விட்டேன். பற்றரியில் இருந்து எடுத்து, நடுவில் ஓர் உருகி வைத்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிச் பூட்டி, கதவோரத்து ரப்பருக்குள்ளால் கூரைக்கு ஏற்றினேன். முன்சீட்டின் முதுகுக்கு நேர்மேலே குமிழ் வந்தது.

முதல் தடவை வயரைப் பற்றரியில் தொட்டபோது படீரென்று நெருப்புப் பொறி பறந்தது. வயரின் நுனி எங்கோ இரும்பில் பட்டிருக்கிறது. உருகி அறுந்துபோனது. நல்லவேளை, அதுதான் அறுந்தது. பெற்றோல் மணம் மூக்கில் ஏறிய மாதிரி இருந்தது. உண்மையில் மணம் வந்ததா, பயமா என்று தெரியவில்லை. கொட்டிலுக்கு வெளியே வந்து, மூட்டைகளையும் காரையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டும் பற்றினால் வீடும் மிஞ்சாது. பிறகு திரும்பவும் உள்ளே போய், வயர் நுனியை ஒதுக்கிவிட்டு வேறோர் உருகி வைத்தேன்.

காரில் போகும் வயர் ஒன்றுதான். திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடம்பே. அதற்கு விளக்கின் இரண்டாவது வயரை, எர்த் வயரை, வெறும் இரும்போடு இறுக்க வேண்டும். கூரைச் சட்டத்தில் பெயின்ட் பூசியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் பூட்டுவதுதான் முறை. ஆனால் பள்ளியில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் சத்தம் கேட்டது. சுரண்டாமலே வயரை ஆணிக்கு அடியில் வைத்துத் திருகினேன். சுவிச்சை அமர்த்தினேன். எரிந்தது. எரிகிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

அவர் வந்து, என் கையில் இருந்த குறட்டைப் பார்த்தார்.

"என்னத்தச் செஞ்சி வெச்சிரிக்காய்?"

"உள்ளுக்கு லைட்டுப் போட்டிரிக்கன். சுவிச்ச அமத்திப் பாருங்க."

"நீயா? பத்திச்செண்டா?"

"பத்தாது. உருகி வெச்சிரிக்கன். கூடக் கரண்டு போனா அது அறுந்திரும், கார் தப்பிரும்."

அவர் அமர்த்தினார். விளக்கு எரிந்தது. அணைத்தார், போட்டார், அணைத்தார். பிறகு சோறு தின்ன வந்து உட்கார்ந்தார். இரண்டாவது கறியைப் போடும்போதுதான், "நல்ல வெளிச்சம்தான்," என்றார். அன்றிலிருந்து டோர்ச் காருக்குள் போகவில்லை.

தங்கைக்கு மாரி மழையில் நோவு வந்தது. சொன்ன நாளுக்கு இரண்டு கிழமை இருந்தது. பின்னேரம் மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"புள்ள குறுக்க கிடக்கு. இஞ்ச வெச்சிப் பாக்க ஏலா. கல்முனைக்குக் கொண்டு போங்க. சுறுக்கா."

நாங்கள் புறப்படும்போது மஃரிபு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழையில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை. அவர் ஓட்டினார். பின்சீட்டில் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான். உம்மா வாசலில் நின்று ஓதிக்கொண்டே இருந்தார்.

சாலையில் வேறு வாகனமே இல்லை. குழியில் சக்கரம் விழும்போதெல்லாம் தங்கை என் கையை நசித்தாள். "ராத்தா, வெளிய வாற மாதிரி இரிக்கி," என்றாள். "வராது, இந்தா கிட்டத்தான்," என்றேன். கிட்டத்தில் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பாலத்தடிச் சென்றி மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். முன்விளக்கை அணைத்தார். சுவிச்சை அமர்த்தினார்.

விளக்கு ஒருமுறை மின்னியது. இரண்டாவது முறை மின்னியது. நின்றுவிட்டது.

அவர் சுவிச்சைத் திரும்பத் திரும்ப அமர்த்தினார். டக், டக், டக். ஒன்றுமில்லை. வெளியே விசில் கேட்டது. "நவத்தன்ன!" என்று ஒரு குரல், நிறுத்து என்று. கார் நின்றுவிட்டது. ஆனாலும் அதே குரல் இன்னும் உரக்கக் கத்தியது. "லைட் தான்ன! லைட்!" விளக்கைப் போடு என்று. மணல்மூட்டைகளுக்குப் பின்னால் ஆட்கள் அசைவது தெரிந்தது. துவக்கில் ஏதோ இழுபடும் சத்தம் மழையையும் மீறி வந்தது.

அந்த நேரத்தில் என் மனம் எப்படி அவ்வளவு தெளிவாக இருந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. உருகி அறுந்திருந்தால் மின்னியிராது. மின்னி நின்றதென்றால் எங்கோ தொட்டும் தொடாமலும் இருக்கிறது. நான் பெயின்ட் சுரண்டாமல் பூட்டிய ஆணி. வேறு எதுவுமில்லை.

"இஞ்சருங்க, எர்த் வயர் விட்டுட்டு. நான் கையால பிடிக்கப் போறன்."

"அசையாத புள்ள! கையத் தூக்காத. சுட்டுப் போடுவானுகள்."

"தூக்காட்டி லைட் எரியாது."

தங்கை அந்தநேரம் பார்த்துக் கத்தினாள். நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் முடிந்தமட்டும் சத்தமாகச் சொன்னேன். "மாத்தயா, லைட் கெடிலா! மம ஹதனவா!" விளக்குப் பழுது, நான் திருத்துகிறேன் என்று. புரிந்ததோ இல்லையோ, பெண் குரல் என்பதாவது கேட்டிருக்கும்.

பிறகு கையை உயர்த்தினேன். இருட்டில் கூரையைத் தடவினேன். ஆணி விரலில் தட்டுப்பட்டது. ஆடியது. குலுங்கிக் குலுங்கிக் கழன்றிருக்கிறது. வயரின் நுனி அதற்குப் பக்கத்தில் சும்மா தொங்கியது. நகத்தால் ஆணியின் அடியைச் சுரண்டி, வயரை அதில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினேன்.

எரிந்தது.

வெளிச்சத்தில் முதலில் கண்டது என் கணவரின் இரண்டு கைகள். ஸ்டியரிங்கின் மேலே விரல்களை அகல விரித்து வைத்திருந்தார். ஒருவன் முன்பக்கமும் ஒருவன் என் பக்கமும் வந்தார்கள். என் பக்கம் வந்தவனுக்கு இருபது இருபத்தொரு வயது இருக்கும். தொப்பியில் இருந்து தண்ணீர் சொட்டியது. துவக்கின் முனை கண்ணாடி இடைவெளிக்கு நேரே இருந்தது. தூக்கியிருந்த என் கையைத்தான் அவன் பார்த்தான்.

"அத பாத்த கன்ன," என்றான். கையைக் கீழே போடு.

விட்டேன். கார் இருட்டானது. அவன் ஓரடி பின்னால் பாய்ந்தான். நான் உடனே திரும்ப அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. அவன் விளக்கைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். பிறகு மடியில் கிடந்த தங்கையைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது.

அவன் துவக்கைத் தாழ்த்தி மற்றவனிடம் ஏதோ சொன்னான். பிறகு அடுத்த சென்றி இருந்த திசையைக் காட்டி, "லைட் நிவன்ன எப்பா. யன்ன, யன்ன," என்றான். விளக்கை அணைக்காதே, போ.

அணைக்காமல் போவதென்றால் நான் பிடித்துக்கொண்டே போக வேண்டும். குமிழ் சூடாகிவிட்டது. ஆணியை அழுத்தினால் விரலின் பக்கம் குமிழின் கண்ணாடியில் படாமல் இருக்காது. அடுத்த சென்றி வரை முன்விளக்கு இல்லாமல் மெதுவாகத்தான் போகவும் வேண்டும். ஒரு கையைத் தங்கை பிடித்திருந்தாள். கை மாற்ற வழியில்லை. நான் கத்தவில்லை. எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். இரண்டாவது சென்றியில் கையைக் காட்டிப் போக விட்டார்கள். அதைத் தாண்டி முன்விளக்கு எரிந்த பிறகுதான் விரலை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் தங்கையை நேரே ஒப்பரேசனுக்குக் கொண்டுபோனார்கள். விறாந்தையில் அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். பெருவிரலின் பக்கம் நீளமாகக் கொப்பளித்திருந்தது.

"என்ன பழுது அதில?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். எலி, மழை, பழைய கார் என்று எதையாவது சொல்லலாம். ஆனால் வாய் வரவில்லை.

"என்ட பிழை. பெயின்ட்டச் சுரண்டிப் பூட்டியிரிக்கணும். நீங்க ஜும்ஆவால வந்திருவீங்களெண்டு சுரண்டாம விட்டன். பாடத்தில நானே படிப்பிக்கிற விசயம்."

கோபம் வந்தால் அவர் காதுமடல் சிவக்கும். அன்று சிவந்தது. பிறகு, "எனக்கிட்டச் சொல்லியிருந்தா நானே சுரண்டித் தந்திருப்பன்," என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

தாதி வந்து பெண்பிள்ளை என்றார். தாயும் பிள்ளையும் நலம் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த கிழமை இரண்டு பேருமாகக் கூரைத் துணியைக் கழற்றினோம். அவர் கத்தியால் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினார். அது கழன்றாலும் இருக்கட்டும் என்று இன்னொரு வயரை வேறு இடத்தில் இறுக்கினேன். பிறகு கதை ஊரில் பரவியது. வாடகைக் கார் ஓட்டும் ஒரு ஹயர்காரர் வந்தார், ஒரு மீன் வியாபாரி வந்தார், இன்னும் சிலர் வந்தார்கள். யாரும் என்னிடம் நேரே கேட்கவில்லை. முற்றத்தில் நின்று உள்விளக்கு எப்படிப் பூட்டுவதென்று என் கணவரிடம் கேட்பார்கள். அவர் உள்ளே வந்து என்னிடம் கேட்பார். நான் சொல்வதை வெளியே போய்ச் சொல்வார். கடைசியில் அந்த ஹயர்காரர்தான் பொறுமை இழந்து, "டீச்சர், நீங்களே வந்து பூட்டித் தாங்களன்," என்று சன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

பூட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் அடியில் சுரண்டினேன். இருந்தும் எனக்குப் பயம் விடவில்லை. அந்த ஹயர்காரரின் வீடு எங்கள் ஒழுங்கையின் கோடியில் இருந்தது. பொழுது பட்டு அவருடைய கார் சாலைக்கு இறங்கும் சத்தம் கேட்டால், அது திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை என்னால் பிள்ளைகளின் கொப்பி திருத்த முடியாது. சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். கார் வந்து கோடியில் நிற்கும். கதவு சாத்துப்படும். பிறகுதான் அடுத்த கொப்பியைத் திறப்பேன்.