ரோலர் கோஸ்டருக்கு ஒரு பாஸ்

அது இரும்பாக எழுந்து வருவதை நான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மயூர் விஹாரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போகும்போது, பஸ் யமுனைப் பாலத்தைத் தாண்டியதும் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுவேன். முதலில் வெறும் தூண்கள்தான் இருந்தன. மேம்பாலம் கட்டுகிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். டில்லியில் அப்போது எங்கே பார்த்தாலும் மேம்பாலம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், அந்தத் தூண்களின் மேல் ஒரு தண்டவாளம் வளைந்து, தலைகீழாகத் திரும்பி, மறுபடி கீழே இறங்கியிருந்தது. நான் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். இயற்பியல் பைத்தியம். பள்ளி நூலகத்தின் கலைக்களஞ்சியத்தில் ரோலர் கோஸ்டர் பற்றிய பக்கங்களை மட்டும் நான் புரட்டிப் புரட்டி ஓரம் கறுத்துப் போயிருந்தது. வளையத்தின் உச்சியில் தலைகீழாக நிற்கும்போது வண்டி ஏன் விழுவதில்லை என்று அம்மாவுக்கு விளக்கப் பால் தூக்கைக் கையில் பிடித்துச் சுழற்றிக் காட்டினேன். தியரி சரியாகத்தான் இருந்தது. கைப்பிடிதான் கழன்றுவிட்டது.

"ஏட்டி, அரை லிட்டர் பாலைக் கொட்டிட்டுப் படிப்புங்கியா?" என்றாள் அம்மா, சுவரைத் துடைத்தபடி. இருபது வருஷம் டில்லியில் இருந்தும் அவள் பேச்சு திருநெல்வேலியை விட்டு வரவில்லை.

"வேகம் போதலம்மா. இன்னும் ஜல்தியா சுத்தியிருந்தா நின்னிருக்கும்."

"நீ மொதல்ல ஒரு இடத்துல நில்லு."

இப்படி இருந்த வீட்டில்தான், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, அப்பா தெரியாத்தனமாக அதைச் சொன்னார். அந்த ரோலர் கோஸ்டர் எழும்பிக்கொண்டிருந்த கேளிக்கைப் பூங்காவின் இரண்டாம் பகுதிக்கு அனுமதி கேட்ட ஃபைல் அவர் மேஜைக்கு வந்திருக்கிறதாம். முதல் பகுதி அடுத்த மாதம் திறக்கப்போகிறதாம். சொல்லிவிட்டு ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டன்ட். நிலம், கட்டடம் சம்பந்தப்பட்ட ஃபைல்கள் அவரிடம் வரும், அவர் குறிப்பெழுதுவார், மேலே போகும். தீபாவளிக்கு எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸில் பல வீடுகளுக்கு முந்திரி டப்பாக்களும் வெள்ளிக் காகிதம் சுற்றிய இனிப்புப் பெட்டிகளும் வரும். எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலிலேயே கைகூப்பி, "நஹி பையா, நஹி சாஹியே" என்று அவருடைய கரடுமுரடான ஹிந்தியில் திருப்பி அனுப்பிவிடுவார். டைரி, காலண்டர்கூட வாங்கமாட்டார். சில வருஷங்களில் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். "ஒரு டப்பா முந்திரியில என்ன வந்திரப்போவுது" என்று அம்மா முதலில் முணுமுணுத்தாள், பிறகு அதுவும் நின்றது. அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. பெரிய குவார்ட்டர்ஸ் வரவில்லை. ஆனால் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், அவரிடம் போன ஃபைல் வரிசைப்படி நகரும், யாருக்காகவும் முந்தாது, யாருக்காகவும் பிந்தாது என்பார்கள். அவரிடம் இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். அது எனக்கும் தெரியும்.

தெரிந்துதான் கேட்டேன்.

திறப்பதற்கு முந்தைய நாள் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் சோதனை ஓட்டம் உண்டு, அதற்குப் பாஸ் தருகிறார்கள் என்று பள்ளியில் கேள்விப்பட்டிருந்தேன். டில்லியில் எதற்கும் பாஸ் உண்டு. குடியரசு தின அணிவகுப்புக்குப் பாஸ், கிரிக்கெட் மேட்சுக்குப் பாஸ், பொருட்காட்சிக்குப் பாஸ். டிக்கெட் வாங்குகிறவனை இரக்கத்தோடு பார்க்கிற ஊர் இது.

"அப்பா, பாஸ் லஞ்சமே கெடையாது."

"நான் அப்பிடிச் சொல்லலியே."

"அப்போ கேளுங்களேன். எல்லா ஆபீஸுக்கும் தர்றாங்க. நீங்க கேக்கலைன்னா அது வேஸ்ட்டாத்தான் போகும்."

"திறந்த பொறவு டிக்கெட் எடுத்துப் போவோம்."

"அப்ப எல்லாரும் போயிருவாங்க! மொத நாள் போறதுதான்ப்பா விஷயம். அதுல ஒருத்தர்கூட இன்னும் ஏறலை, நினைச்சுப் பாருங்க!"

அவர் நினைத்துப் பார்த்தமாதிரி தெரியவில்லை. நான் விடவில்லை. காலையில் அவர் சவரம் செய்யும்போது கண்ணாடியின் ஓரத்தில் போய் நின்று உச்சி வளைவின் ஆரத்தைச் சொன்னேன். மாலையில் அவர் செருப்பைக் கழற்றும்போது பிரேக் எப்படி வேலை செய்யும் என்று சொன்னேன். சண்டை போடவில்லை, அழவில்லை. சந்தோஷமாகவே நச்சரித்தேன். ஒரு நாள் டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கேட்டுப் பாக்கேன்" என்றார்.

எப்படிக் கேட்டார், யாரிடம் கேட்டார் என்று இன்றுவரை தெரியாது. இருபத்தைந்து வருஷ வேலையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்டிருக்கிறார். வாயைத் திறக்கவே எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தங்க விளிம்பு வைத்த கவரில் பாஸ்கள் வந்தன. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குப் பஸ்ஸுல ஏறினாலே தலை சுத்தும். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள்.

வாசலில் நீண்ட வரிசை நின்றிருந்தது. பாஸ் வைத்திருந்தவர்களுக்கே வரிசை. அப்பா கடைசியில் போய் நின்றுகொண்டார், ரேஷன் கடையில் நிற்பதைப் போல, பாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு. டை கட்டிய இளம் மேனேஜர் ஒருவர் அவரை எப்படியோ அடையாளம் கண்டுகொண்டார்.

"அரே சார்! ஆப் லைன் மே?" என்று ஓடிவந்தார். நீங்கள் போய் வரிசையிலா என்று பதறியது வரிசை முழுக்கக் கேட்டது. "ஆயியே, ஆயியே. யே பிட்டியா ஹை?" என்று என்னைக் காட்டி, மகளா என்று கேட்டார்.

அப்பா ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அவர் ஹிந்தி வாக்கியம் ஒன்றைக் கட்டி முடிப்பதற்குள் மேனேஜர் அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விட்டார். நான் அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

அதைக் கிட்டத்தில் பார்த்தபோது, பஸ் ஜன்னலிலிருந்து தெரியாததெல்லாம் தெரிந்தது. தூண்கள் அவ்வளவு பருமன். புதுப் பெயின்ட்டும் கிரீஸும் கலந்த வாசனை, ரயில்வே யார்டில் வருகிற மாதிரி. முதல் மேட்டில் வண்டியைச் சங்கிலி இழுத்துக்கொண்டு போகும் கடகடச் சத்தம் நின்றதும் ஒரு நொடி எதுவுமே கேட்காது. பிறகுதான் கத்தல் வரும். அந்த ஒரு நொடியைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் ஒரு வரிகூட இல்லை.

முன் வரிசையில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் கையில் முழங்கை வரை சிவப்பு வளையல்கள். குறுக்குக் கம்பியைக்கூடப் போட்டாயிற்று. மேனேஜர் விரலைச் சொடுக்கினார். ஊழியர் கம்பியைத் தூக்கினார். இருவரையும் பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள்.

"நஹி, நஹி, உன்கோ பைட்னே தீஜியே" என்றார் அப்பா. அவர்கள் உட்காரட்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நான் அதற்குள் முன் வரிசையில் உட்கார்ந்து, "வாங்கப்பா! வாங்க!" என்று பக்கத்து இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் கடந்து போகும்போது அப்பாவைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. பெரிய ஆட்களை டில்லியில் எல்லோரும் பார்க்கிற பார்வைதான். அப்பாவை அப்படி யாரும் அதுவரை பார்த்ததில்லை. அவர் தலையைக் குனிந்து ஏறி உட்கார்ந்தார்.

ஓட்டம் எப்படி இருந்தது? பிரமாதமாக இருந்தது. அதுதான் பிரச்சினை. உச்சியிலிருந்து யமுனை ஒரு பழுப்புப் பட்டையாகத் தெரிந்தது, அடுத்த கணம் வயிறு எங்கோ மேலே தங்கிவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். வளையத்தில் வானமும் தரையும் இடம் மாறின. நான் கணக்குப் போட்டு வைத்திருந்ததெல்லாம் உண்மை என்று என் எலும்பு சொன்னது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அப்பா பக்கத்தில் கண்ணை இறுக்க மூடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் வந்தார்.

"அவுர் ஏக் பார்?" என்றார் மேனேஜர், இன்னொரு தடவை போகிறாயா என்று. நான் போனேன். அப்புறமும் போனேன். கடைசியில் கால் தள்ளாட அப்பாவைத் தேடிப் போனால், ஏசி அறையில் மேனேஜருக்கு எதிரே, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் குளிர்பான பாட்டில், குடித்தும் குடிக்காமலும்.

மேனேஜர் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இரண்டாம் பகுதி மட்டும்தான் சார் பாக்கி. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் குழந்தைகளுக்குத்தானே எல்லாம்." கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அப்பாவைவிட ஹிந்தி நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அப்பா பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். புரிந்ததைப் பேசாமலிருக்க வேறு வழி தெரியவில்லை. ஈர்ப்பு விசை, வளையத்தின் வடிவம் ஏன் சரியான வட்டம் இல்லை, எல்லாம் சொன்னேன். அவர் "ம்" கொட்டினார்.

அடுத்த வாரம் ஒரு நாள், எங்கள் மாடிவீட்டு அங்கிள் வந்தார். அப்பாவின் பிரிவிலேயே வேலை, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். அப்பா அன்று சாப்பிட்டும் சாப்பிடாமலும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்க மாட்டாரே அக்கா!" என்று அங்கிள் அம்மாவிடம் ஆரம்பித்தார். "அந்தப் பார்க் மேனேஜர் திங்கக்கிழமை ஆபீஸுக்கே வந்துட்டான். ஹால் நடுவுல நின்னுண்டு, 'சார், பிட்டியா கோ மஸா ஆயா? ஆப் தோ டர் கயே தே!'ங்கறான். பொண்ணு ஜாலியா இருந்தாளா, நீங்கதான் பயந்துட்டீங்கன்னு! ஹாலே சிரிச்சுது. இப்ப சாருக்குப் பேரே 'ஜூலா சாப்'னு ஆயிடுத்து. ஊஞ்சல் துரை!"

அப்பா பேப்பரைத் திருப்பினார்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. இவர் என்ன பண்ணினார் தெரியுமா? நேரா ஆபீசர் ரூமுக்குப் போயி, நான் இவங்ககிட்ட பாஸ் வாங்கியிருக்கேன், இந்த ஃபைலை நான் பாக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டார். ஆபீசரே, 'அரே, பாஸ்தானே, இதுக்குப் போயா'ன்னு தலையில அடிச்சுக்கறார். எல்லாரும் வாங்கறான், எவனாவது எழுதிக் குடுப்பானா? இப்ப கேன்டீன்ல இதுதான் பேச்சு. பாதிப் பேர் இவர் இத்தனை வருஷமும் வாங்கிண்டுதான் இருந்தார்னு நினைக்க ஆரம்பிச்சுட்டான்."

"ஃபைல் என்னாச்சு?" என்றாள் அம்மா.

"என் மேஜைக்கு வந்துது. ரெண்டே நாள்ல அனுப்பிட்டேன். அதுல ஒண்ணும் தப்பு இல்லையே, எல்லாம் சரியாத்தான் இருந்துது." அங்கிள் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு குஷி. "ஞாயித்துக்கிழமை நாங்களும் போறோம். எல்லாருக்கும் பாஸ். நீதான் எக்ஸ்பர்ட்டாமே, சொல்லு. முன்னாடி உக்காரணுமா, பின்னாடியா?"

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். தெரியாது அங்கிள் என்று உள்ளே போயிருக்க வேண்டும். அப்பா அங்கேயே, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி" என்றேன். "முன் வரிசை மேட்டு உச்சியில மெதுவாத் தாண்டும் அங்கிள், கடைசி வரிசைய மொத்த வண்டியும் இழுத்துக்கிட்டுப் போகும், அதனால..."

என் கைகள் தாமாகவே மேலே போய் அந்த மேட்டை வரைந்தன. குரல் தானாகவே ஏறியது. நிறுத்து, நிறுத்து என்று உள்ளே சொல்லிக்கொண்டே முதல் இறக்கத்தைச் சொன்னேன், வளையத்தைச் சொன்னேன், சங்கிலிச் சத்தம் நின்றதும் வருகிற அந்த ஒரு நொடியைக்கூடச் சொன்னேன். அங்கிள் வாயைப் பிளந்து கேட்டார். "அச்சா! அச்சா!" என்றார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். மெல்ல எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு, கூலருக்குத் தண்ணீர் ஊற்றப் பால்கனிக்குப் போனார். அங்கே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் அப்போதும் கடைசி வளைவைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முகம் சுட்டது. காது வரை சுட்டது. முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

"பிரமாதமாச் சொல்றாளே!" என்று அங்கிள் எழுந்தார். "அக்கா, நீங்க போன தடவை போகலியாமே. எங்களோட வாங்கோ. இன்னும் மூணு பாஸ் சொல்லிடறேன், அவன் இல்லேங்க மாட்டான்."

அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டாள். பால்கனிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "எங்க வீட்டுல போயிட்டு வந்தாச்சு."