கரையிலிருந்து கையாட்டியவர்கள்

டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று அக்கா பாரிசிலிருந்து போன் செய்த அன்று என் மகள் வீட்டுக்குள் ஒரு குதி குதித்தாள். அடுத்த நிமிடமே அடுப்படிக்கு வந்து, "இந்த வாட்டியும் பதினாலாந்தேதி கடலுக்குப் போவோமாம்மா?" என்று கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். காதில் விழாததுபோல் இன்னொரு தண்ணீர் ஊற்றிக் களைந்தேன்.

போன வருஷம் அதே தேதியில் அவளைக் கடல் கொண்டுபோகப் பார்த்தது. அவளுக்கு அது பாதி மறந்துவிட்டது. பத்து வயதுக்கு அப்படி மறப்பது ஒரு வரம்தான். எனக்கு ஒரு துளியும் மறக்கவில்லை. போகலாம் என்று சொல்ல என்னால் முடியாது. போகக் கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், எல்லாவற்றையும் மறுபடி பேச வேண்டும்.

நாங்கள் நெல்லித்தோப்பு. வண்டியை எடுத்தால் சிக்னலில் நின்று போனாலும் சீக்கிரமே கடற்கரை வந்துவிடும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் கேட்பார்கள், "பாண்டிச்சேரியா? குடுத்து வச்சவங்க, நெனச்சா கடல்ல குளிக்கலாம்" என்று. குளிப்பதாவது! எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அப்பா பஞ்சாலையில் ஷிப்ட் பார்த்தவர், அம்மாவுக்குக் குழாயடிதான் தண்ணீர். சாயங்காலம் பீச் ரோட்டுப் பாறைமேல் உட்கார்ந்து சுண்டல் தின்று காற்று வாங்கிவிட்டு வருவதுதான் எங்களுக்குக் கடல். மணல் இருக்கிற பக்கம் போனால் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நிற்போம். அலை முழங்காலைத் தொட்டால் போதும், அம்மா ஊரையே கூட்டிவிடுவாள். நானும் என் மகளிடம் அதே கத்தலைக் கத்தித்தான் வளர்த்தேன். "ஒங்கம்மாவ விட்டா கடலுக்கே டியூஷன் எடுப்பா" என்று என் வீட்டுக்காரர் அவளிடம் கிண்டல் செய்வார். செய்யட்டும். பயம் என்றால் பயம்தான், அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அக்கா கட்டிக்கொண்டது சொல்தா குடும்பத்தில். மாமாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்தப் புண்ணியத்தில் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் பிரெஞ்சுக் குடிமக்கள். ஜூலை பிறந்தால் அவர்களுக்கு வக்கான்ஸ் என்கிற பெரிய லீவு. நமக்கோ கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வெயில் மட்டும் விடுமுறை முடிந்தது தெரியாமல் அடித்துக்கொண்டிருக்கும். அவர்கள் பெட்டியோடு வந்து இறங்கினால் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது கோடை விடுமுறை. வீட்டுப்பாடம், டியூஷன் எல்லாம் காற்றில் போகும்.

அக்காவுக்கு ஒரே மகள். போன வருஷம் அவளுக்குப் பதினேழு. அகன்ற தோள், குட்டை முடி, பிரெஞ்சு வாடை அடிக்கிற தமிழ். ஆறு வயதிலிருந்து நீச்சல் குளத்திலேயே வளர்ந்தவள். சின்னப் பிள்ளைகள் நீந்தும் குளத்தில் காவல் நிற்கிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். அக்கா அந்தப் படங்களைப் போனில் காட்டாத ஆளில்லை. பூக்காரம்மாவுக்குக்கூடக் காட்டினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் மகள் அவள் பின்னாலேயே வால்போல் திரிந்தாள்.

ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையாக வேறு வந்து தொலைத்தது. காலையில் மாமா கோட்டு மாட்டிக்கொண்டு போர்வீரர் நினைவிடத்தில் கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்தார். மத்தியானச் சாப்பாடு கடற்கரையில் என்று அக்கா முன்பே முடிவு செய்திருந்தாள். பிரான்சில் எல்லோரும் அன்றைக்கு வெளியில்தான் சாப்பிடுவார்களாம். நாங்கள், அக்கா வீடு, என் கொழுந்தனார் வீடு என்று மூன்று குடும்பம் கிளம்பினோம்.

அன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதை கொஞ்சநஞ்சமில்லை. மயோனைஸ் கெட்டுவிடும் என்று அக்கா அதை ஐஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கேன் தண்ணீர் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது என்றாள். மாமா எல்லாப் பிள்ளைகளுக்கும் வெயில் களிம்பு பூசினார், பேயறைந்த மாதிரி வெளுத்துப்போய் நின்றார்கள். நான் பிரியாணிக் குண்டானுக்கு ஈரத்துணி சுற்றினேன். மகளுக்குத் தொப்பி வைத்தேன், மோர் கொடுத்தேன், சூட்டுக்கு மல்லாட்டை தின்னாதே என்று வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கினேன். கொழுந்தனார் செருப்புகளை எண்ணி ஒரு பையில் போட்டுக் காருக்குள் வைத்தார். எல்லாவற்றுக்கும் பயந்தோம்.

குருசுக்குப்பம் தாண்டி வடக்கே, அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது. அங்கே துணி விரித்தோம். சாப்பாடு முடிந்து, கேக்கும் வெட்டியாகிவிட்டது. காற்று எழும்பியிருந்தது. அக்கா மகள் நீச்சலுடைமேல் ஒரு டீ-ஷர்ட் மாட்டிக்கொண்டு வந்து, "சித்தி, பாப்பாவ கூட்டிட்டுப் போகவா? நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வேறு யார் கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். இவள் பரீட்சை எழுதித் தேறியவள். என் மகள் பிறந்ததிலிருந்து கடற்கரையில் நான் நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கு முதன்முறையாக உட்கார்ந்தேன். "போங்க, அலை இல்லாத எடமாப் பாத்து எறங்குங்க" என்றேன்.

அவள் உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு திரும்பி என் வீட்டுக்காரரிடம், "சித்தப்பா, இங்க தண்ணி எப்டி? பயம் இல்லியே?" என்று கேட்டாள். அவர் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டே, "நம்ம கடலும்மா இது. சின்ன வயசுலேந்து பாக்கறோம்" என்றார். பார்க்கத்தான் செய்திருக்கிறோம். கணுக்காலுக்கு மேல் அதைப்பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? எங்களுக்கு அலை பெரிதாக இருந்தால் கெட்ட கடல், அலை இல்லாவிட்டால் நல்ல கடல். கல்லை ஒட்டிய இடத்தில் அலையே உடையவில்லை, குளம்போல் கிடந்தது. அங்கேயே இறங்குங்கள் என்று கை நீட்டிக் காட்டியதும் நாங்கள்தான். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா படம் எடுத்தாள். பிறகு நாங்கள் கதை பேச ஆரம்பித்தோம். மூலக்குளத்தில் மனை வாங்குவதா, வேண்டாமா என்று மாமா கேட்டார், ஆளாளுக்கு யோசனை சொன்னோம். நான் நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு தலையும் கொஞ்சம் தூரத்தில், கல்வரிசையின் நுனிக்குப் பக்கத்தில் இருந்தன. அக்கா மகள் ஒரு கையை மேலே தூக்கினாள். அக்கா சந்தோஷமாகக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் மறுபடியும் தூக்கினாள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

மூன்றாவது தடவை அவள் கை தூக்கியபோதுதான் என் மகளின் வாய் தண்ணீருக்குக் கீழே இருப்பதைப் பார்த்தேன். மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தது.

நான் ஓடினேன். இடுப்புவரை போனதும் காலுக்குக் கீழே மணல் நழுவி விழுந்தேன், வாய் நிறைய உப்புத் தண்ணீர். யாரோ என் புடவையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். கரையில் பெரிய ஆம்பிளைகள் மூன்று பேர். மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு "ஐயோ, ஐயோ" என்று கத்தினார்கள். அதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒதுங்கிக் கிடந்த படகின் நிழலில் படுத்திருந்த இரண்டு பேர் எங்கள் சத்தம் கேட்டு எழுந்தார்கள். ஒருவர் கல்மேலேயே ஓடி நுனியிலிருந்து குதித்தார். இன்னொருவர் கயிற்றில் காலி கேனைக் கட்டி வீசினார். அக்கா மகள் தன் உடம்புக்கும் கல்லுக்கும் நடுவில் என் மகள் அடிபடாமல் பிடித்திருந்தாள். அவள் முதுகையும் தொடையையும் கல்லில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்து ரத்தம் ஓடியது. பிடியை மட்டும் விடவில்லை. கரையில் கொண்டுவந்து போட்டபோதும் அவள் விரல்களை நாங்கள்தான் பிரித்தெடுத்தோம்.

என் மகள் வாந்தி எடுத்தாள், அழுதாள். அந்த அழுகையைப் போல் ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. குதித்தவர் தலையைத் துடைத்துக்கொண்டே எங்களைத் திட்டினார். "அறிவிருக்குதா? கல்லாண்ட போயி யாராச்சும் எறங்குவாங்களா? அலை ஒடையாத எடத்துலதான் இழுக்கும்! படிச்சவங்கதான நீங்கள்லாம்?"

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். நுரையீரலில் தண்ணீர் நிற்கவில்லை, பிழைத்தோம். வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனார் மனைவி உப்பும் மிளகாயும் எடுத்து எல்லோரையும் நிற்க வைத்துச் சுற்றிப் போட்டாள். "பாரிசு புள்ளைங்க வந்து எறங்குனதுலேந்து தெருவே கண்ணு வைக்குது" என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது. அவர்கள் ஊருக்குக் கிளம்பும்வரை கடல் என்ற வார்த்தையையே யாரும் எடுக்கவில்லை. அக்கா மகள் பெரும்பாலும் மாடியில் குப்புறப் படுத்திருந்தாள். முதுகுக் காயத்துக்கு நான்தான் மருந்து போட்டேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்த மயக்கத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

இந்த டிக்கெட் போனுக்கு இரண்டு நாள் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தி, பதினாலாந்தேதி கடலுக்குப் போலாமா? எனக்குப் போகணும். போகாம விட்டா எனக்கு எப்பவுமே பயமா இருக்கும்."

அவள் தொடர்ந்தாள். "ஆனா இந்த வாட்டி ஒழுங்கா செய்யணும். நான் தண்ணில இருந்தா, கரையில நீச்சல் தெரிஞ்ச ஒருத்தர் என்னையே பாத்துட்டு நிக்கணும். எங்களுக்கு அங்க அப்டித்தான் சொல்லிக் குடுப்பாங்க. ஆபத்துன்னா கையத் தூக்கு, புள்ளயப் பிடிச்சிட்டு அப்டியே மித, கரையில இருக்கறவங்க வருவாங்கன்னு. நீங்க நிக்கறீங்களா?"

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"சித்தப்பா?"

"அவருக்கும் தெரியாது."

"அன்னிக்கி வந்தாரே, சித்தப்பாவோட தம்பி?"

"நம்ம வீட்ல யாருக்குமே தெரியாது கண்ணு. ஒனக்குத் தெரியும்னுதான் பாப்பாவ அனுப்பினேன்."



"எங்க அம்மா அப்பாவுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "நீங்கள்லாம் கடல்கிட்டயே இருக்கீங்க. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்க பயப்படாம ஒக்காந்திருந்தீங்க. அதனாலதான் நான் எறங்கினேன். கையத் தூக்கிட்டு, யாராச்சும் வருவீங்கன்னு நீந்தாம அங்கியே பிடிச்சிட்டு இருந்தேன் சித்தி."

அவள் தைரியத்தைப் பார்த்து நான் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்து அவள் இறங்கினாள். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் வராத எங்களைப் பார்த்துக்கொண்டு மிதந்திருக்கிறாள். நாங்கள் கையாட்டியிருக்கிறோம்.

"தப்பு எங்களுதும்மா" என்றேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளும் அழுதாள். வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மகள் கதவோரம் காத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, போறமா?" என்றாள்.

"இந்த வருஷம் கடல் கிடையாது."

"ஏன்? அக்காதான் என்கூடவே இருப்பாங்களே?"

"ஒனக்கு அக்கா இருக்காடி. அவளுக்கு யாரு இருக்கா?" என்றேன்.