நனையாத மாமா

எனக்கு ஒன்பது வயதான அந்தக் குளிர்காலத்தில் புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் கிடையாது. உணவகத்துச் சமையலறையில் வேலை செய்த அப்பாவுக்கும் அன்றுதான் லீவு. அம்மா விடியவே அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போய்விடுவார். பாரிஸ் புறநகரான பொண்டியில் இருந்த எங்கள் வீட்டில் என்னைத் தனியே விட முடியாது. ஆகையால் அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் மீன் பிடிக்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதை நான் எனக்குத் தரப்பட்ட மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டாளிகளில் ஒருவர் வான் மாமா. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குத் தன் வானில் மரக்கறி ஏற்றி இறக்குகிறவர். மற்றவர் கடை மாமா. அங்கேயே ரூ காய் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றார். இருவருக்கும் என் அப்பா ‘அண்ணை’. காலை ஆறரைக்கு வான் எங்கள் கட்டடத்தின் கீழே வந்து நிற்கும். உள்ளே ஏறினால் வெங்காய மணம். கடை மாமாவின் மடியில் தேத்தண்ணிப் போத்தலும் ஈயத்தாளில் சுற்றிய றோல்ஸும் இருக்கும்.

சில புதன்களில் நோர்மண்டிக் கடற்கரை வரை போவோம். அங்கே குளிர்காலத்தில் பிடிபடும் ‘பார்’ என்ற மீனுக்கு மாமாமார் ‘பிரெஞ்சுக் கொடுவா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காது விறைத்துப்போகும் காற்றில் மூன்று பேரும் வரிசையாக நின்று, தூண்டிலை எறிந்துவிட்டு, ஊர் அரசியலுக்காகச் சண்டை பிடிப்பார்கள். வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் லா சப்பலில் வான் ஒரு மீன்கடை முன் நிற்கும். “அம்மா கேட்டா அப்பா பிடிச்சதெண்டு சொல்லு பிள்ளை” என்று வான் மாமா சொல்லித் தருவார். அம்மா கேட்பார். நான் கடையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். உண்மை பேசுகிற பிள்ளை என்று வகுப்பில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அதை மாமாமாருக்காகக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

அதிகம் போனது ஒரு குளத்துக்கு. பாரிசிலிருந்து ஒரு மணி நேரம், சுற்றிவர இலையுதிர்ந்த மரங்கள். குளத்துக்காரர் குளிர்காலம் முழுவதும் அதற்குள் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடுவார். நாள் சீட்டு எடுத்தால் பின்னேரம் வரை பிடிக்கலாம். மற்றவர்கள் பசை உருண்டையும் புழுவும் கோத்தார்கள். நாங்கள் மஞ்சள் பிரட்டிய இறாலைக் கோத்தோம். ட்ரவுட்டுகள் அதற்கு ஓடி வந்தன.

எங்களுக்குப் பக்கத்து இடம் எப்போதும் ஒரு பிரெஞ்சுக் கிழவருடையது. சிவப்புக் கம்பளித் தொப்பி, மடக்குக் கதிரை. மாமாமார் சத்தமாகக் கதைத்தால் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார். ஒருநாள் கடை மாமா என்னிடம், “மீனுக்குத் தமிழ் விளங்குமோ எண்டு கேள்” என்றார். நான் அப்படியே பிரெஞ்சில் கேட்டேன். கிழவர் சற்று யோசித்துவிட்டு, “ட்ரவுட்டுக்கு விளங்கும். அது படித்த மீன்” என்றார். அதன்பிறகு எங்கள் றோல்ஸில் ஒன்று அவருக்குப் போகும். உறைப்பில் அவருடைய மூக்குச் சிவந்து தொப்பி நிறத்துக்கு வரும்.

ஜனவரியில் ஒரு புதன். குளத்தின் ஓரம் மெல்லியதாக உறைந்திருந்தது. கிழவர் தண்ணீருக்குள் நீட்டியிருந்த பலகைத் தட்டில் நின்று பெரிய மீன் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். தூண்டில் தடி வில்லாக வளைந்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் பனி இருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கால் வழுக்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. அடுத்த கணம் பலகையின் மேல் யாரும் இல்லை. தண்ணீரில் சிவப்புத் தொப்பி மட்டும் மிதந்தது.

யாரோ கத்தினார்கள். ஆட்கள் எழுந்து நின்றார்கள். அதற்குள் அப்பா தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். தடித்த ஜக்கெட்டோடும் சப்பாத்தோடும் அப்படியே நடந்தார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. சேற்றில் கால் புதைந்து ஒருமுறை தலையும் உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு கிழவரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினார். வான் மாமா கரையில் குப்புறப் படுத்து மீன் வலையின் நீளப்பிடியை நீட்டினார். கடை மாமா வான் மாமாவின் கால்களைப் பிடித்துக்கொண்டார். எல்லோருமாக இழுத்துப் போட்டார்கள். கிழவர் இருமினார், தண்ணீரைக் கக்கினார், கண் திறந்தார். தூண்டில் தடி எங்கே என்று கேட்டார்.

குளத்துக்காரர் தொலைபேசியில் அழைக்க, தீயணைப்புப் படையின் சிவப்பு வண்டி வந்தது. கிழவரைப் பளபளக்கும் தாளில் சுற்றி ஏற்றினார்கள். அதன் பின்னாலேயே நீல வண்டி ஒன்றும் வந்தது. ஒரு பெண் ஜோந்தார்ம், நாட்டுப்புறப் பொலிஸ், இறங்கினார். கையில் குறிப்புப் புத்தகம்.

அந்த நீல வண்டியைக் கண்டதும் கடை மாமா அப்பாவை எங்கள் வானின் பின்பக்கம் ஏற்றிக் கதவைச் சாத்தியதை நான் கவனித்தேன். குளிருக்காக என்று நினைத்தேன்.

“கிழவரைத் தூக்கியது யார்?” என்று ஜோந்தார்ம் கேட்டார்.

வான் மாமா ஒரு அடி முன்னால் வந்தார். நெஞ்சில் கை வைத்து, “மொவா” என்றார். நான்தான் என்று அர்த்தம்.

நான் மாமாவை மேலும் கீழும் பார்த்தேன். மாமாவின் சப்பாத்துக் காய்ந்திருந்தது. காற்சட்டை காய்ந்திருந்தது. முன்பக்கம் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். நான் கண்ணால் கண்ட வீரம் ஒன்றை, எங்களோடு றோல்ஸ் தின்கிற வான் மாமா, என் கண் முன்னாலேயே திருடுகிறார். ஜோந்தார்ம் அவருடைய பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினார்.

“இல்லை மதாம், அது பொய்” என்றேன். “அவர் நனையவே இல்லை, பாருங்கள். தண்ணீருக்குள் போனது என் அப்பா.”

“பிள்ளை, வாயை மூடு” என்றார் கடை மாமா. அவர் என்னோடு அப்படிப் பேசியதே இல்லை. எனக்கு இன்னும் கோபம் வந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னேன். பிரெஞ்சில் எழுதினால் பதினேழு எழுத்து. எங்கள் ஆசிரியையே தடுமாறும் பெயர் என்பதால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன், இரண்டாம் முறையும் சொன்னேன். கேட்காமலே விலாசமும் சொன்னேன். கட்டடம், மாடி, கதவு. “தபால்பெட்டியில் வேறு ஆளின் பெயர் இருக்கும். ஆனால் அது எங்களுடைய வீடுதான்” என்றும் சேர்த்துக்கொண்டேன். உதவியாக இருக்கட்டும் என்று.

ஜோந்தார்ம் எழுதுவதை நிறுத்தினார். காய்ந்திருந்த மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வானை நோக்கி நடந்தார். நான் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அப்பா உருளைக்கிழங்குச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு இருந்தார். எழும்பப் பார்த்தார். தலை கூரையில் இடித்தது.

“மாற்ற வேறு உடுப்பு இருக்கிறதா?” என்று அந்தப் பெண் கேட்டார். அப்பா ஓம் என்று தலையை ஆட்டினார். “நல்ல காரியம் செய்தீர்கள், மிஸியூ” என்று கையைக் கொடுத்துவிட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். படம் எடுக்கவில்லை. மெடல் என்ற பேச்சே இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. பொறாமை என்று முடிவு செய்தேன். வீட்டில் அம்மா கதையைக் கேட்டதும் கதிரையில் இருந்துவிட்டார். “உங்களுக்கு நீந்தவும் தெரியாதே” என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரமே பை கட்டினோம். சென் தெனியில் கடை மாமாவின் வீட்டில் இரண்டு கிழமை இருந்தோம். அங்கே எனக்கு விளையாட அவருடைய பிள்ளைகள் இருந்தார்கள். அப்பாவின் வீரத்துக்குக் கிடைத்த விடுமுறை என்று நினைத்து மகிழ்ச்சியாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லக் குளம் ஆழமாகிக்கொண்டே போனது.

யாரும் எங்களைத் தேடி வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது. கிழவர் தன் கையால் எழுதியிருந்தார். தனக்கு இன்னொரு குளிர்காலம் கிடைத்தது அப்பாவால் என்றும், அந்தப் பெரிய மீனை மன்னிக்கவில்லை என்றும். உறையின் மேல் அப்பாவின் முழுப்பெயர், ஓர் எழுத்தும் பிழையில்லாமல்.

பதினாறு வயதில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அப்பாவுக்கு விசாக் கேட்டு நாங்கள் கோப்பு ஒன்று தயாரித்தோம். ஆவணங்களை அடுக்கியது நான். அவர் வேலை செய்த இத்தனை வருடச் சம்பளச் சீட்டுகளிலும் வான் மாமாவின் பெயர் இருந்தது; விசா இல்லாத அப்பா மாமாவின் பெயரில்தான் வேலைக்குப் போயிருக்கிறார். அன்று குளக்கரையில் மாமா என் அப்பாவுக்கு மறைப்பாகத்தான் நின்றிருக்கிறார். கிழவரின் கடிதத்தைக் கோப்பின் மேலே வைத்தேன். ஏழு மாதத்தில் அப்பாவின் பெயரில் வதிவிட அட்டை வந்தது. கடிதத்தால்தானா என்று எனக்குத் தெரியாது.

“அண்டைக்கு ஏன் அப்பா என்னை ஏசேல்லை?” என்று கேட்டேன்.

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பயந்துதான் போனன். ஆனா பத்து வரியமா வேலையிலை ஒருத்தரும் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பிள்ளை. நீ வெளியிலை நிண்டு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுறாய். வானுக்குள்ளை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். ஏசவோ வரும்?”

அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.