குடிக்கிற உப்பு

தாய்லாந்திலிருந்து வந்த டாக்டரம்மா என்னை "பீ" என்று கூப்பிட்டதை முதன்முதலாகக் கேட்டபோது, அக்கா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏட்டி, என்ன சொல்லி உன்னயக் கூப்புடுறாக?"

"அவுக பாஷையில அக்கான்னு அர்த்தம்."

"அக்காவுக்கா இந்தப் பேரு? மூத்தவளுக்கு நல்ல மரியாததான் போ."

கூட வந்திருந்த நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். என்ன சங்கதி என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவருடைய பாஷையிலேயே நான் மெதுவாக விளக்கினேன். கேட்டதும் வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதன் பிறகு எங்கள் இருவரையும் "அக்கா" என்றே கூப்பிட்டார். அந்த வார்த்தையின் கடைசி எழுத்தை நீட்டி, பாட்டுப் போலச் சொல்வார்.

அது வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் அக்காவும் மச்சானும் இருக்கிற வீடு. நான் அங்கே போனது உறவாக அல்ல, வேலையாக.

டாக்டரம்மாவோடு வந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு நான் சமையல்காரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், மூணாறில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போய்ச் சமையல் கற்றுக்கொண்டேன். அங்கே சாப்பிட வந்த ஒரு குடும்பம் என்னைப் பாங்காக்குக்குக் கூட்டிப் போனது. சமையலறையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறையில் படுக்கை. பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனியாகச் சந்தைக்குப் போகலாம். மீன் விற்கும் பெண்களோடு பேரம் பேசிப் பேசியே அந்த ஊர்ப் பாஷை நாக்கில் ஏறிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குடும்பம் வேறு தேசத்துக்குப் போனபோது என்னை விமானம் ஏற்றிவிட்டார்கள். பெரிய துன்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் கிடந்தால் எனக்குக் கால் அரிக்கும். அங்கேதான் அதிக காலம் அரிக்காமல் இருந்தது.

டாக்டரம்மா தன் ஊர்க் கிராமங்களில் பல வருஷம் வீடு வீடாகத் திரிந்தவர். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மாரடைப்பும் யாருக்கு வருகின்றன, என்ன தின்றால் வருகின்றன, எப்படி வாழ்ந்தால் வருகின்றன என்று கேட்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதே கேள்விகளை வெக்கையில் வேலை செய்கிற வேறொரு ஊரிலும் கேட்டுப் பார்க்க வேண்டுமென்று, இங்கே ஒரு கல்லூரியோடு சேர்ந்து வந்திருந்தார். சாத்தூரில் வீடு எடுத்துத் தங்கினார்கள். தாய்லாந்தில் இருந்துவிட்டு வந்தவள் ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்று யாரோ சொல்லி என்னைக் கூட்டிப் போனார்கள். நாட்டுத் துளசியைக் கிள்ளிப்போட்டு, மிளகாயும் பூண்டும் நசுக்கி, கோழியை வதக்கிக் கொடுத்தேன். பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த ஒரு பாட்டிலை டாக்டரம்மா வெளியே எடுத்தார். மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு. 'நாம் ப்ளா' என்பார்கள். அங்கே அது இல்லாத சாப்பாட்டு மேஜை கிடையாது.

"உப்பைக் குறை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். இது இல்லாமல் எனக்கே சோறு இறங்காது" என்று சொல்லிக்கொண்டே நாலு சொட்டு விட்டுக்கொண்டார். அந்த நாலு சொட்டும் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தன.

சாத்தூர்க்காரரான நர்ஸோடு அவர் இங்கிலீஷில் பேசுவார். என்னோடு பேசும்போது முகமே மாறிவிடும். அதனால் சமையல் முடிந்தபின் என்னையும் வீடுகளுக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். அப்படித்தான் ஒருநாள் அக்காவின் தெரு வந்தது.

அந்த வீட்டில் அப்போது ஒரே கவலைதான். மச்சான் லோடு ஏற்றி ஏற்றி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். இரண்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். வேலைக்குப் போகிற ஆள் அக்கா ஒருத்திதான். பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றும் வேலை. மருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொறி கூட வந்துவிடக் கூடாது என்பதால் அந்த அறைகளில் மின்விசிறி கிடையாது. வேர்வை தாளில் விழாமலிருக்க நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சித்திரை வெயிலில் ஒருநாள் அப்படியே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் பிரஷர் ரொம்பவும் ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கம்பெனி போர்மேன் அவளைத் தனியே கூப்பிட்டு, "கோவிச்சுக்கிடாதத்தா. மருந்துக்குப் பக்கத்துல நீ மயங்கி விளுந்தா உன்னோட போகாது. கொறஞ்சிருச்சுன்னு டாக்டர் சொல்லட்டும், மறுநாளே வா" என்றாராம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு சத்தத்தைக் கேட்டு ஓடியவர்கள்தான்.

அன்றிலிருந்து அக்கா குழம்பில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டாள். குறைக்கத்தான் சொன்னார்கள், அவள் எதையும் பாதியில் செய்கிறவள் அல்ல. மச்சான்தான் பாவம்.

"இவ வச்ச குளம்ப ஆட்டுக்கு ஊத்துனேன். அது என்னய ஒரு பார்வ பாத்துச்சு பாரு" என்பார்.

இவ்வளவு செய்தும் பிரஷர் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நம்பிப் போவாள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவாள். சீசனோ தொடங்கிவிட்டது. கடைசியில் என்னிடம் சொன்னாள்: "இன்னும் ஒரு தடவ பாப்பேன். கொறயலைன்னா மாத்திரையக் கெடாசிட்டு, பிரஷர்னு மூச்சு விடாம வேற கம்பெனியில போயிச் சேந்துருவேன்." அவள் சொன்னால் செய்வாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் நாங்கள் அங்கே போனது. நர்ஸ் கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்துக் கேள்விகளை வாசித்தார். புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு, "வெடிக் கம்பெனி வீட்டுல வந்து பீடியக் கேக்கீக. நல்லாக் கேட்டீக போங்க" என்று மச்சான் குறுக்கே வந்தார். பிறகு உப்பு வந்தது.

"உணவு உண்ணும்போது கூடுதலாக உப்பு சேர்த்துக்கொள்வீர்களா? எப்போதும், அடிக்கடி, சில நேரங்களில், ஒருபோதும் இல்லை."

"ஒருபோதும் இல்லை" என்றாள் அக்கா, அந்தப் புத்தகத் தமிழிலேயே, நிமிர்ந்து உட்கார்ந்து.

"சமைக்கும்போது?"

"அதுலயும் இல்ல, சிஸ்டர். வேணுமின்னா சட்டியத் தொறந்து பாருங்க."

"தொறக்க வேணாம். நாந்தான் சாச்சி" என்றார் மச்சான்.

கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்லி, மறுபடியும் தானே பார்த்தார். இரண்டு தடவையும் அதிகம்தான்.

"பாத்தீகளா? நாக்கக் கொன்னுட்டு உக்காந்திருக்கேன். மாத்திரதான் தெண்டம். நாளைக்கே தூக்கிப் போடுறேன்" என்றாள் அக்கா. முகத்தைக் காட்டாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

டாக்டரம்மா என்னிடம், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டார். போடுகிறாள் என்று சொன்னேன்.

அக்கா திரும்பி வரும்போது கையில் மூன்று செம்புகள் இருந்தன. எந்தத் துக்கத்திலும் வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டாள். "வெயில்ல வந்திருக்கீக. நீச்சத்தண்ணி. குளுகுளுன்னு இருக்கும்."

நேற்றைய சோற்றில் ஊறிய தண்ணீரில் சோற்றைப் பிசைந்து கரைத்த கஞ்சி. டாக்டரம்மாவுக்கு என்ன என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர் ஒரு வாய் குடித்துவிட்டார். குடித்ததும் கண்கள் விரிய என்னைப் பார்த்தார்.

"கெம்" என்றார்.

என் செம்பிலிருந்து நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு அது சரியாகத்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்து குடித்த அதே கஞ்சி. கெம் என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்திருந்தும், அது இந்தக் கஞ்சிக்கு எப்படிப் பொருந்தும் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன சொல்றாக?" என்றாள் அக்கா. "புளிச்சிருச்சா?"

"உப்பா இருக்காம்."

"கஞ்சி உப்பாத்தான இருக்கும்?"

"இப்பத்தான உப்பே போடுறதில்லன்ன?"

"சாப்பாட்டுல போடுறதில்ல." அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது குடிக்கிறதுல்லா? சாப்பாட்டக் கேட்டாக, சாப்பாட்டுக்குச் சொன்னேன். கஞ்சியக் கேட்டாகளா?"

நர்ஸ் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். "என்னயக் கேட்டிருந்தாலும் நானும் இப்படித்தான்க்கா சொல்லியிருப்பேன்" என்றார்.

அக்கா பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இரவில் வடிக்கிற சோறுதான் சாப்பாடு. காலையிலும் மத்தியானத்திலும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் "கஞ்சி குடிச்சியா" என்றுதான் கேட்போம். உண்பது வேறு, குடிப்பது வேறு. குழம்பில் உப்பு போனதிலிருந்து வாய்க்கு ருசி வேண்டி, கஞ்சியில் கல் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருக்கிறாள். கடித்துக்கொள்ள மோர்மிளகாய், சில நாள் கருவாடு. அதுவும் அவள் கணக்கில் சாப்பாடு இல்லை.

"வேர்வையில போற உப்பு எங்கிட்டிருந்து வரும்? அதுக்குத்தான் போடுறேன்" என்றாள்.

"வீட்டுல உக்காந்து சுளகு பொடைக்கிறதுக்கு எம்புட்டு வேர்வ வருதாம்?" என்றார் மச்சான். அவரை ஒரு முறை முறைத்தாள்.

டாக்டரம்மா செம்பைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார். மிச்சம் வைக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு தன் ஊர்க் கதையைச் சொல்ல, நான் அதைத் தமிழில் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் ஒரு கிராமத்தில் போய், மேலே உப்புத் தூவிக்கொள்வீர்களா என்று கேட்டாராம். எல்லோரும் இல்லை என்றார்களாம். சந்தோஷமாக எழுதிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனால், அம்மா சோற்றில் நாம் ப்ளாவை ஊற்றிக்கொண்டிருந்தாராம். என்னம்மா இது என்றதற்கு, "இது எங்கே உப்பு? இது மீன்" என்றாராம். மறுநாள் அந்தக் கிராமத்துக்கே திரும்பிப் போய் மறுபடியும் கேட்டாராம்.

அக்காவுக்குக் கோபம் இறங்கிவிட்டது. "டாக்டரோட ஆத்தாவே அப்படித்தானா?" என்று கேட்டாள்.

"நீங்கள் சரியாகத்தான் பதில் சொன்னீர்கள். கேள்விதான் சரியில்லை" என்றார் டாக்டரம்மா.

மாத்திரையை மாற்றவோ கூட்டவோ தனக்கு இங்கே உரிமை இல்லை என்றும், சுகாதார நிலையத்து டாக்டரிடம் போய்க் கஞ்சி விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றும், எதற்காகவும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். கஞ்சியில் உப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும். குழம்பில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம். மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அரை உப்புக் கஞ்சிய எவ குடிப்பா?" என்று அக்கா கடைசிவரை மல்லுக்கட்டினாள். சின்ன வெங்காயம் கூடப் போடு, மோர் விடு, மாங்காய் கீறிப் போடு என்று நானும் நர்ஸும் மாற்றி மாற்றிச் சொன்னோம். சமையல் பேச்சு என்று வந்துவிட்டால் அவளுக்கும் பிடிவாதம் குறைந்துவிடும்.

எங்களுக்கு அதன் பிறகுதான் வேலை கூடியது. வகுத்த கேள்வியை நடுவில் மாற்றக் கூடாதாம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே கஞ்சிக்கென்று தனியாக ஒரு கேள்வி சேர்த்தார்கள். ஏற்கெனவே போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி நடந்தோம். "கஞ்சிக்கு உப்புப் போடுவீங்களா" என்று கேட்டால், "அது இல்லாம எப்படிக் குடிக்க?" என்று எங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அக்கா சுகாதார நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அங்கே மாத்திரையையும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். பிரஷர் மெதுவாக இறங்கியது. உப்பைக் குறைத்ததால்தானே என்று டாக்டரம்மாவிடம் ஆசையாகக் கேட்டேன். "மாத்திரையும் மாறியது, உப்பும் குறைந்தது, உங்கள் அக்கா கவலையையும் கொஞ்சம் விட்டார். ஒரு வீட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

குழு ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டலுக்குச் சமைக்க ஆள் கேட்டிருந்தார்கள், பையைக் கட்டிவிட்டேன். அதற்குள் அக்காவை வேலைக்குப் போகலாம் என்று சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். வெக்கையில் தண்ணீரை நிறையக் குடி, தலை லேசாகச் சுற்றினாலும் எழுந்து வெளியே வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்களாம். போர்மேனும் சொன்ன சொல் மாறவில்லை.

முதல் நாள் காலையில், நெற்றியில் கட்டுகிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் கஞ்சியைக் கரைத்தாள். உப்பு ஜாடியில் கையை விட்டவள், பிடித்ததில் பாதியை ஜாடியிலேயே உதிர்த்தாள். இன்னும் கொஞ்சம் உதிர்த்தாள். கலக்கி, ஒரு கரண்டியில் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாரு. கெம்மா?"

குடித்துப் பார்த்தேன். "கெம் இல்ல."

"தெரியுது. நல்லாவும் இல்ல" என்று சொல்லி மூடியை அழுத்தி மூடினாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அடுப்புத் திண்டிலிருந்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, தூக்குவாளியோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.