ஆரணியில் ஒரு ‘ப்யூர்’ சேலை

மகள் கல்யாணச் சேலைக்காக ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மா எதை விரித்தாலும் “ப்யூருண்ணா” என்கிறார். எனக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை மேலேயே சந்தேகம். எங்கள் ஊரில் தண்ணீர் கலந்த பாலும் ப்யூர், கறி சமைக்காத ஓட்டலும் ப்யூர். வெள்ளைக்காரன் எதற்காக உண்டாக்கினானோ, நாம் எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டோம். கலப்படம் என்றால் சம்பந்தி அம்மா தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பேச்சு கேட்கப்போவது மகள்தான்.

கூச்சத்தை விட்டு, “ஒரு இழை கொளுத்திக் காட்டுங்க” என்கிறேன். முந்தானை ஓரத்தில் ஒன்றைப் பிடுங்கிக் கொளுத்துகிறார். முடி பொசுங்கும் வாடை வருகிறது. பட்டுதான்.

“அந்தப் பக்கமும் ஒண்ணு.”

“இப்படியே கொளுத்திகினு இருந்தா பொண்ணுக்குச் சாம்பலையா கட்டுவீங்க?” என்று சிரித்துக்கொண்டே கொளுத்துகிறார். அதே வாடை.

“ஜரிகைங்க?”

சிரிப்பு நின்றுவிடுகிறது. “அது வெள்ளி இல்ல, செம்புண்ணா. பட்டுதான் ப்யூரு. ஜரிகைய கேட்டாதான் சொல்லுவோம்.”

செம்பு என்று சம்பந்தியிடம் நானே முதலில் சொல்லிவிடலாம் என முடிவுசெய்து சேலையை வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே திரும்பிப் பார்க்கிறேன். கேட்கத் தெரியாமல் இன்னும் எதை விட்டேனோ?