டீ மணி வரை மௌனம்

கண்ணை மூடிக்கொண்டுதான் பட்டம்மாள் ஷூ பார்க்கிறாள். தைத்து வந்த மேல்தோல் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. கட்டைவிரல் தையலோடு ஓடுகிறது. நூல் விட்டிருந்தால் விரல் நின்றுவிடும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, தைத்தவளின் மேஜைக்கே விட்டெறிவாள். கண் திறக்காமலே குறி தப்பாது. வாயும் திறக்காது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் செக்கிங் மேஜை அவளுடையது. காலையில் கம்பெனி வேனை விட்டு இறங்கியதிலிருந்து டீ மணி அடிக்கும் வரை தினமும் மௌனம். போனில் பேசும் ஏதோ ஒரு சாமியாரம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். நெற்றி நிறையத் திருநீறு, உள்ளே முருகன் பேர். "கை கம்பெனிக்கு, கண்ணு சாமிக்கு" என்பாள், மணி அடித்த பிறகு.

முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதுவரை அவள் வாய்க்குப் பயந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே யோசித்தவர்கள் உண்டு. அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பேச்சை நிறுத்தியவள் மற்றதையெல்லாம் ஆரம்பித்தாள். மேஜையைத் தட்டுவாள், சொடக்குப் போடுவாள். யாராவது சிரித்துப் பேசினால் "ம்ம்" என்று ஓர் உறுமல். அந்த ஒரு "ம்ம்"முக்குள் மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்தே இருப்பார்கள். மணி அடித்ததும், காலையிலிருந்து தேங்கியதெல்லாம் மொத்தமாகக் கொட்டும். டீ ஆறிவிடும், அவள் ஆற மாட்டாள்.

பக்கத்து மேஜை சங்கீதா புதிதாக வந்தவள். இடதையும் வலதையும் நிறம் பார்த்து ஜோடி சேர்ப்பது அவள் வேலை.

"டெய்லி ஒரு வேள வாய கட்டிப் பாருடி" என்பாள் பட்டம்மாள். "மனசு கண்ணாடி மாரி ஆய்டும். பொய்யே வராது."

"வாய கட்டிட்டா புள்ளைங்கள ஸ்கூலுக்கு யாருக்கா கௌப்புவாங்க?"

"இன்னா பண்றது. செல பேருக்குக் குடுப்பினை கம்மி."

சங்கீதாவுக்கு உள்ளுக்குள் ஆசைதான். வேனில் ஒருநாள் கண்ணை மூடிப் பார்த்தாள். முருகன் வருவதற்குள், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற கவலை வந்துவிட்டது. அதனால் பட்டம்மாள் மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

அந்த மரியாதையில்தான், திங்கட்கிழமை வந்த பழுப்பு நிறச் சரக்கில் சந்தேகம் வந்தபோது ஒரு ஜோடியை அவளிடம் எடுத்துப் போனாள்.

"யக்கா, கலர் ஒத்துப்போவுதா பாரேன். ஒண்ணு ஜாஸ்தி செவப்பா கீதே."

பட்டம்மாள் இரண்டையும் வாங்கினாள். கட்டைவிரலால் தடவினாள். மூடிய கண் மூடியபடியே, 'போ' என்று கையை அசைத்தாள். அக்காவே சொல்லிவிட்டாள் என்று சங்கீதா மொத்தச் சரக்கையும் அப்படியே ஜோடி சேர்த்து அனுப்பினாள். விரலுக்குத் தையல் தெரியும், சுருக்கம் தெரியும். நிறம் எப்படித் தெரியும்?

புதன்கிழமை காலை சரக்கு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் சுஹேல் அகமது ஒரு ஜோடியைக் கொண்டுவந்து செக்கிங் மேஜைமேல் வைத்தார்.

"யாரு ஜோடி சேத்தது?"

"நான்தான் சார்."

"ஒண்ணு டீ, ஒண்ணு காபி. கண்ணு இல்லியா உனக்கு? வெள்ளிக்கெழம உன்னப் பர்மனென்ட் பண்றதா, வூட்டுக்கு அனுப்பறதான்னு ஆபீஸ்ல கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

"அக்காகிட்ட காட்னேன் சார். கைய ஆட்டி அனுப்பிட்டாங்க."

சுஹேல் திரும்பினார். "இன்னா பட்டம்மா, காட்டுச்சா இந்தப் பொண்ணு?"

பட்டம்மாள் கண்ணைத் திறந்தாள். இரண்டு தோலையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"பேச வேணாம்மா. தலைய ஆட்டு, போதும்."

தலை ஆடவில்லை. தட்டலாலும் சொடக்காலும் உறுமலாலும் இத்தனை நாள் பேசித் தீர்த்த உடம்பு, இன்றுதான் உண்மையிலேயே மௌனமாக நின்றது.

சுஹேல் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. சாமி விஷயம், பேஜார் வேணாம். மணி அடிக்கட்டும். நிக்கிறேன்."

நின்றார். சங்கீதாவும் நின்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கம்பெனி வேனில் ஏறுவோமா என்பது அந்த மூடிய வாய்க்குள் இருந்தது. முன் வரிசையில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்தார்கள்.

மணி அடித்தது.

எல்லோரும் பட்டம்மாளின் வாயைப் பார்த்தார்கள். அவள் மேஜைக்கு அடியில் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நிதானமாக மூடியைத் திருகி, அண்ணாந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். பிறகு அதை விழுங்காமல், இரண்டு கன்னமும் உப்ப, அப்படியே நின்றாள்.